பதினொன்றரை மணிப் பாட்டு

கல்லூரியில் இருந்த மூன்று வருஷத்தில் ஒரு பாட்டைக்கூட நான் முழுசாகக் கேட்டதில்லை. அதற்குப் பாதிக் காரணம் என் குணம். மீதிப் பாதி என் அப்பா.

அப்பாவுக்குச் சாலை பஜாரில் அரிசி, பருப்பு மொத்தக் கடை. கடைக்கு மேலே மாடியில் வீடு. நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து கடை போட்ட குடும்பம் எங்களுடையது. அப்பா, அம்மா, நான் என்று மூன்றே பேர். பாட்டுக் கேட்கிற ஆப் ஒன்றுக்கு அப்பா சந்தா கட்டினார், ஆனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே அக்கவுண்ட். எனக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்று நான் எத்தனையோ முறை குதித்துப் பார்த்தேன். "மூணு பேருக்கு ஒரு அடுப்புதான மக்ளே எரியுது? பாட்டுக்கு மட்டும் மூணு வேணுமா?" என்பார்.

ஆக, கடையில் ஒரு ஸ்பீக்கர், அம்மாவிடம் அப்பா கழித்துப்போட்ட பழைய போன், என்னிடம் என் போன். மூன்றும் ஒரே அக்கவுண்டில் ஓடின. இதில் உள்ள தொல்லை என்னவென்றால், ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் பாடும். நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அப்போதுதான் பாட்டுக்குள் இறங்கியிருப்பேன். சட்டென்று காது காலியாகிவிடும். 'வேறொரு இடத்தில் பாடிக்கொண்டிருக்கிறது' என்று திரையில் ஒரு வரி வரும். எந்த இடம் என்று சொல்லாது. நான் விடுவேனா? திரும்பத் தட்டிப் பிடுங்குவேன். பத்து விநாடி என்னிடம் பாடும். அங்கே யாரோ மறுபடி தட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலை ஒன்பது வரை கடையில் சாமி பாட்டு ஓடும், அது தெரிந்த விஷயம். அந்த நேரத்தில் நான் மல்லுக்கு நிற்பதில்லை. ஆனால் பதினொன்றரை மணிக்கு எங்களுக்குக் கல்லூரியில் கால் மணி நேர இடைவேளை. சரியாக அந்த நேரம் பார்த்து வீட்டுப் பக்கத்திலிருந்து பிடுங்கல் நடக்கும். நாள் தவறாது. இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன், அப்புறம் இயர்போனைக் காதிலிருந்து பிடுங்கிப் பையில் எறிவேன்.

ஒரு நாள் சாயங்காலம் வந்த வேகத்தில் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "பதினொண்ணரை மணிக்குக் கடையில என்ன பாட்டு வேண்டிக்கெடக்கு?"

"நான் எங்க மக்ளே போடுதேன்? லோடு எறங்குத நேரம். மூக்கச் சொறியக்கூட நேரமில்ல. சுமட்டுக்காரன் எவனாவது தட்டியிருப்பான்" என்றார் அப்பா. மூட்டை இறக்குகிறவர்களைத்தான் அங்கே அப்படிச் சொல்வோம். அம்மா பக்கத்தில் நின்று துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது அம்மாவுக்கு வழக்கம் என்பதால் நான் அவள் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை.

என் குணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் உட்கார்ந்த இடத்தில் உட்காருகிற ஜாதி இல்லை. முதலில் காமர்ஸில் சேர்ந்து, இரண்டே வாரத்தில் அழுது அடம்பிடித்துச் சைக்காலஜிக்கு மாறினேன். வகுப்பில் வாரத்துக்கு ஒரு பெஞ்ச் மாறுவேன். தம்பானூரில் ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டுப் பின்னால் வந்த பஸ் முந்திப் போனால் இறங்கி அதன் பின்னால் ஓடுவேன். பாட்டும் அப்படித்தான். பல்லவி முடிந்து முதல் சரணம் வந்ததும் எனக்கு விரல் அரிக்க ஆரம்பிக்கும். இதைவிட நல்லது அடுத்ததில் இருக்குமோ என்று ஒரு பதைப்பு. அடுத்ததற்குப் போனால் அங்கேயும் அதே பதைப்பு.

என்னோடு படித்தவர்களில் இன்னொரு தமிழ்ப் பெண் இருந்தாள், கோட்டைக்குள் அக்கிரகாரத் தெருவில் வீடு. ஐந்து வயதிலிருந்து பாட்டுப் படித்தவள். நாற்பது நிமிஷம் ஓடுகிற ஒரே ராகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். ஒருநாள் ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு என் போனில் கேட்டோம். நாலாவது பாட்டை நான் மாற்றியதும் அவள் தன் காதிலிருந்து கழற்றி என் மடியில் போட்டாள்.

"ஏண்டி, ஒண்ணையாவது முழுசாக் கேக்கப்படாதோ? நோக்கு அடுத்த பஸ்ஸா போறது?"

சிரித்து மழுப்பினேன். ஆனால் அன்று முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த வயதில் பாட்டு எனக்குக் கேட்கிற பொருளாக இருந்ததைவிட, உடுத்திக்கொள்கிற பொருளாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஆள் வந்தால் போன் திரையைச் சற்று வெளியே தெரிகிற மாதிரி பிடிப்பேன். மலையாளத்துப் பையன்கள் கிட்டார் வைத்துக்கொண்டு போடுகிற பாட்டு, பாதிக்கு மேல் வார்த்தை புரியாத இங்கிலீஷ் பாட்டு, இவைதான் அப்போது திரையில் ஓடும். தமிழ்ப் பாட்டை மட்டும் மறைப்பேன். காரணம் இருந்தது. வகுப்பில் எங்காவது டூர் போனால், பஸ் நகரத் தொடங்கியதும் பின் சீட்டிலிருந்து ஒருத்தி கத்துவாள்: "எடீ, நீ தமிழல்லே? ஒரு அடிபொளி பாட்டு இடெடீ!" அடிபொளி என்றால் அட்டகாசம். தமிழ் என்றால் குத்து, விசில், ஆட்டம், அவ்வளவுதான் அவர்களுக்கு. பள்ளியிலிருந்தே மலையாளத்தில் படித்து, மலையாளத்திலேயே கனவு கண்டுகொண்டிருந்த என்னை அந்த ஒரு வரி பஸ்ஸிலிருந்து இறக்கி விட்டுவிடும். எனக்கு அவமானமாக இருக்கும். போட மாட்டேன் என்பேன். திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினேன்.

இரண்டாம் வருஷம் ஒரு மிஸ் வந்தார். ஆளுமை பற்றிய பாடம் எடுத்தவர். ஒருவர் விரும்பிக் கேட்கும் பாட்டை வைத்து அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல முடியுமா, பார்ப்போமே என்றார். வகுப்பே குஷியானது. எனக்கும்தான். எந்தப் பத்துப் பாட்டை எழுதினால் ஆழமான பெண் என்று தோன்றும் என்று மனசுக்குள் அடுக்கவே தொடங்கிவிட்டேன்.

ஆனால் அந்த மிஸ் நாங்கள் நினைத்ததைவிடக் கெட்டிக்காரி. "நீங்களா எழுதினா பொய் எழுதுவீங்க. போனை எடுங்க. ஒரு வருஷமா எதை அதிகம் கேட்டிருக்கீங்கன்னு அதுவே வச்சிருக்கும். முதல் இருபதை, எத்தனை தடவைங்கிறதோட அப்படியே எழுதுங்க. பேர் வேண்டாம்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு பெஞ்சுகளுக்கு இடையே நடக்க ஆரம்பித்தார்.

என் போனைத் திறந்தேன். முதல் இடத்தில் இருந்தது ஒரு பழைய தமிழ்ப் படப் பாட்டு. கிளப்பில் ஆடுகிறவள் பாடுகிற வகை. டிரம் உருளும், நடுவில் ஒரு கிண்டல் சிரிப்பு வரும், ஆண்கள் கூட்டம் விசிலடிக்கும், அவள் ஒருத்தரையும் சட்டை செய்யாமல் பாடிக்கொண்டே போவாள். மற்ற பாட்டெல்லாம் பத்து, பதினைந்து தடவை. இது மட்டும் இருநூறைத் தாண்டியிருந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கடையின் சாமி பாட்டுகள்; தினம் வேறு வேறு சாமி என்பதால் எதுவும் அதிகம் ஏறவில்லை. நான் பொத்திப் பொத்தி வளர்த்த கிட்டார் பையன்கள் பதினாலாம் இடத்துக்குக் கீழே எங்கோ கிடந்தார்கள்.

மாற்றி எழுதலாம் என்று பார்த்தேன். மிஸ் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். எழுதிக் கொடுத்தேன். சுமட்டுக்காரர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே கொடுத்தேன்.

சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு பட்டியல் தந்தார். அதை வைத்து அந்த ஆளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். எனக்கு வந்த பட்டியலில் இருபதும் அழுகைப் பாட்டு. மழை, பிரிவு, வயலின். நான் மேதாவியாக, இந்த மனுஷர் ஆழ்ந்த துக்கத்தில் இருக்கிறார், யாராவது இவரோடு பேச வேண்டும் என்று எழுதிக் கொண்டுபோய் வாசித்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து கும்பிட்டான். வகுப்பிலேயே அதிகம் சிரிக்கிறவன், சிரிக்க வைக்கிறவன். அந்தப் பாட்டுப் போட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வருமாம், வேறொன்றுமில்லையாம். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

அடுத்து அந்தத் தமிழ்ப் பெண், கோட்டைக்காரி, எழுந்தாள். அவளுக்கு வந்திருந்தது என் பட்டியல். அது என்னுடையது என்று அவளுக்குத் தெரியாது. அவள் மலையாளத்தில் வாசித்தது தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

"இந்த ஆள் எதையும் தொட்டுத் தொட்டு விட்டுவிடுகிற ஆள். ஆனால் ஒரே ஒரு பாட்டில் மட்டும் அவசரமே இல்லை. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறாள். அவள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இது மற்றவர்களுக்குக் காட்டக் கேட்கிற பாட்டு இல்லை. வீட்டில் ஒருத்தரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்கிற பாட்டு. அந்த நேரத்தில் இவள் ஆடுவாள் என்றுகூட நினைக்கிறேன். வெளியே பார்த்தால் சாதுவாக இருப்பாள். இவளோடு எனக்குச் சிநேகம் பிடிக்க ஆசை."

யார் அது, யார் அது என்று ஒரே சத்தம். நாலைந்து பேரைச் சொன்னார்கள். தமிழ்ப் பாட்டே போட மாட்டேன் என்கிறவள் என்பதால் என் பெயரை ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. நான் கையைத் தூக்கவும் இல்லை. தப்பித்தோம் என்று இருந்தது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு பொறாமையும் இருந்தது. அவள் சிநேகம் பிடிக்க ஆசைப்பட்ட அந்த ஆள் நானில்லை.

வெளியே வந்ததும் கோட்டைக்காரியிடம் உண்மையைச் சொன்னேன். "பட்டியல் என்னோடதுதான். பாட்டு என்னோடதில்ல. கடையில மூட்டை இறக்குறவங்க போடுறது."

அவள் நின்றுவிட்டாள். "மூட்டை தூக்கறவா மூட்டைய வச்சுட்டு ஒரே பாட்ட எரநூறு தடவை கேப்பாளா? போடி."

அதற்கு மேல் எனக்கு வகுப்பில் இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்குக்கூட நிற்காமல், கல்லூரி இருந்த பாளையத்திலிருந்து சாலை பஜார் வரை நடந்தேன். நடக்க நடக்க ஒவ்வொன்றாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அந்தப் பாட்டும் கிடையாது. ஹர்த்தால் அன்றைக்கும் அப்படியே. சரி, கடை மூடியிருக்கும். ஆனால் மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் வீட்டில் கிடந்தேனே? கடை திறந்திருந்தது, சுமட்டுக்காரர்கள் வந்தார்கள், லோடு இறங்கியது. பதினொன்றரைக்குப் பாட்டு மட்டும் இல்லை. சாமி பாட்டு முடிந்ததிலிருந்து நான் போனில் நாள் முழுக்கக் கேட்டேன், ஒருமுறையும் நிற்கவில்லை. அப்பா கீழே கடையிலும் நான் வெளியிலும் இருந்தால்தான் அந்தப் பாட்டு பாடுகிறது. அப்படியானால் அந்த நேரத்தில் வீட்டில் யார்?

பழவங்காடியில் நடுரோட்டில் நின்றுவிட்டேன். ஆட்டோக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

அம்மா. வாயைத் திறந்தால் அரிசி, உப்பு, மாவு தவிர வேறு வார்த்தை வராத அம்மா. கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்குக்கூடத் தலையாட்டாத அம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆச்சரியமாக இருந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும்.

என் வயிற்றில் ஒரு விஷயம் தங்காது. மூன்று நாள் எப்படியோ அடக்கினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா நல்ல குஷியில் இருந்தார். அம்மா மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் பெரிய நகைச்சுவை சொல்வது மாதிரி ஆரம்பித்தேன்.

"அப்பா, பதினொண்ணரை மணித் திருடன் ஆருன்னு கண்டுபிடிச்சாச்சு. சுமட்டுக்காரன் இல்ல. அம்மையாக்கும்." என்ன பாட்டு என்றும் சொன்னேன். எத்தனை தடவை என்றும் சொன்னேன்.

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"இவளா? இந்தப் பாட்டா?" அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. "சவம், எனக்குத் தெரியாமப் போச்சே! மக்ளே, அதப் போடு பாப்போம்."

நான் போட்டேன். ஆமாம், நானேதான் போட்டேன். டிரம் உருண்டது. அந்தச் சிரிப்பு வந்தது. அப்பா எச்சில் கையோடு தோளை ஆட்டினார். "எழும்பு எழும்பு, நீயும் ஒரு ஆட்டம் போடு. இருவத்திரண்டு வருசமா எங்கிட்ட மறச்சு வச்சிருக்கியே!"

என் அப்பா கெட்டவர் இல்லை. ஊரே சொல்லும், தமாஷான மனுஷன் என்று. அவருக்கு உண்மையிலேயே அது ஆனந்தம். ஆனால் நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகம் கழுத்து வரை சிவந்திருந்தது. வெட்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாட்டில் விசில் வந்ததும் அவள் கண்ணை மூடித் திறந்தாள். ஒருத்தர் உடம்பில் அடி விழும்போது மூடுகிற மாதிரி மூடினாள்.

"போன் கைதவறி விழுந்து தானா பாடியிருக்கும். இதுக்கெல்லாம் ஒரு சிரிப்பா? குழம்பு வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

பாட்டை நிறுத்தினேன். அப்பா நிறுத்தவில்லை. மறுநாள் கடையில் எல்லோருக்கும் சொன்னார். கணக்குப் பிள்ளை சிரித்தார், எதிர்க் கடைக்காரர் சிரித்தார். புதன்கிழமை நாகர்கோவிலிலிருந்து அத்தை போன் பண்ணி, "ஒங்க அம்மை டான்ஸ் படிக்காளாமே?" என்று என்னிடமே கேட்டாள். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். அம்மா குளிக்கிறாள் என்று பொய் சொன்னேன். அம்மா என் எதிரில்தான் நின்றிருந்தாள்.

அதோடு பதினொன்றரை மணிப் பாட்டு நின்றது.

முதல் வாரம் நான் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. இடைவேளையில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். பாட்டு பல்லவி தாண்டி, முதல் சரணம் தாண்டி, இரண்டாம் சரணம் வரை போனது. ஒருவரும் பிடுங்கவில்லை. இதற்குத்தானே ஒரு வருஷமாகச் சண்டை போட்டேன்? கேட்க முடியவில்லை. எப்போது நிற்கும், எப்போது நிற்கும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். இரண்டாம் வாரம் பதினொன்றேகாலுக்கே என் பாட்டை நிறுத்தி வைத்துவிடுவேன். வழியை விட்டு வைத்தால் வருவாள் என்று ஒரு நப்பாசை. வராந்தாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். கோட்டைக்காரி, "என்னடி, ரிசல்ட்டுக்கு நிக்கறாப்ல நிக்கறே?" என்பாள். அவள் சிநேகம் பிடிக்க ஆசைப்பட்ட ஆளின் வாயை நானே அடைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வேன்?

வீட்டில் ஒருநாள், அப்பா கீழே இருக்கும்போது, நானே அந்தப் பாட்டைப் போட்டேன். சத்தம் குறைவாக, ஏதோ தற்செயலாக ஓடுகிற மாதிரி. அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாவுக் கையாலேயே வந்து அணைத்தாள். "தல வலிக்கு மக்ளே" என்றாள்.

"அம்மா, நான் தமாசுக்குத்தான் சொன்னேன்."

"அதுக்கு இப்ப என்ன?"

"கோவமா?"

"எனக்கு எதுக்குக் கோவம்? போ, போய்ப் படி."

கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கத்தவே இல்லை. எனக்குச் சாப்பாடு போட்டாள், துணி தேய்த்து வைத்தாள், தலை பின்னிவிட்டாள். எல்லாம் முன்பு போலத்தான். அவளுக்கென்று ஒரு நாளில் கால் மணி நேரம் இருந்தது. அதை நான் எடுத்துச் சோற்றுத் தட்டின் நடுவில் வைத்துவிட்டேன், எல்லோரும் கை போட்டார்கள். திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் என் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் பாட்டை அடித்தேன். அப்பாவின் சாமி பாட்டுகளை அடித்தேன். மிச்சமிருந்தது நான். ஏழெட்டு வரிகள். எல்லாம் பிறர் பார்ப்பதற்காகத் தொடங்கி, பாதியில் விட்டவை. இதை வைத்து என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் யாராலும் நாலு வரி தாண்ட முடியாது. அம்மாவைப் பற்றி ஒரே பாட்டை வைத்து ஒருத்தி ஒரு பக்கம் எழுதிவிட்டாள், அதுவும் சரியாக எழுதிவிட்டாள். அழுகை வந்தது. என் மேலேயே வந்த கோபம் அது.

மிஸ் அந்தப் பயிற்சியின் முடிவை எழுதித் தரச் சொன்னபோது, பாட்டு மனிதரைக் காட்டுமா என்ற கேள்விக்குக் கீழே ஒரே வரி எழுதினேன்: காட்டும், அதனால்தான் இன்னொருவர் பாட்டை எட்டிப் பார்க்கக் கூடாது. ஐந்துக்கு ஒன்றரை போட்டார். நான் சண்டைக்குப் போகவில்லை.

பரீட்சைக்கு முந்திய மாதம் ஒரு நாள் காலை. அப்பா கடைக்கு இறங்கியாயிற்று. நான் பையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல நேரமாகிவிட்டது, வழக்கம்போல ஒரு செருப்பைக் காணவில்லை. அம்மா உள்ளறையிலிருந்து கூப்பிட்டாள்.

"இஞ்ச வா. அஞ்சு நிமிசம்."

கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பழைய போன். ஈரக் கையைப் புடவையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டாள்.

"நீ படிச்ச பிள்ளையில்லா. இதுல எனக்கு மட்டும்னு ஒண்ணு போட்டுத் தர முடியுமா? நான் என்ன கேக்கேன்னு ஒருத்தருக்கும் தெரியப்படாது. அப்பிடி ஒண்ணு உண்டாமே?"

"உண்டும்மா. புதுசா அக்கவுண்ட் போடணும்." என் குரல் எனக்கே விசித்திரமாகக் கேட்டது. "இப்பவே போட்டுத் தாரேன்."

"அப்பாக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கடை ஸ்பீக்கர் டப்பாவுல பாடாதே?"

"பாடாதும்மா. எங்கயும் பாடாது. ஒங்கிட்ட மட்டுந்தான்."

அவள் தலையாட்டினாள். போனைக் கொடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பழைய அக்கவுண்டை எடுத்துவிட்டுப் புதிது தொடங்கினேன். அவள் பெயரைப் போட்டேன். சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை. "அம்மா, அந்தப் பாட்ட மொதல்லயே தேடி வச்சுரட்டுமா? அதே மாதிரி இன்னும் நெறய உண்டு, நான் ஒரு லிஸ்ட் போட்டுத் தாரேன். ஒனக்கு அதுல என்ன பிடிக்குது? அந்தக் குரலா, தாளமா? அது ஓடும்போது நீ என்னம்மா நெனப்ப?"

அம்மா என்னையே பார்த்தாள். கோபம் இல்லை. ஏதோ கடைசியாக ஒருமுறை யோசித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"ஒனக்கும் தெரியப்படாது" என்றாள்.

திரையில் பாஸ்வேர்ட் கேட்கும் கட்டம் வந்து நின்றது. போனை அவளிடம் நீட்டினேன். ஆறு எழுத்துக்குக் குறையக் கூடாது, நடுவில் ஒரு நம்பர் வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"அங்கிட்டுத் திரும்பு."

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். கீழே லாரி பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது, அப்பா யாரையோ கத்திக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் அம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். நிறைய நேரம் எடுத்தது. என்ன எழுத்தாக இருக்கும் என்று என் மூளை பாய்ந்தது. அதை அதட்டி நிறுத்தினேன். எட்டு தடவை தட்டினாள், ஒன்று தப்பி அழித்தாள், மறுபடி தட்டினாள்.

"திரும்பட்டுமா?"

"நில்லு."

நின்றேன். என் ஆயுளில் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் நான் நின்றதில்லை. பஸ் போயிருக்கும். முதல் பீரியட் போயிருக்கும். அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

"செரி, ஆச்சு. நீ போ. நேரமாச்சில்லா."

திரும்பிப் பார்த்தபோது போன் திரை அவள் மார்போடு இருந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மாதக்கணக்கில் பார்க்காத சிரிப்பு. நான் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தேன்.

"மக்ளே," என்று கூப்பிட்டாள். "போகும்போது அந்தக் கதவச் சாத்திட்டுப் போ."

சாத்திவிட்டு இறங்கினேன்.